ஐப்பசி மழையும் குவாரிக் குழியும்

சுரங்கமோ கல்குவாரியோ தண்ணீரைக் கெடுப்பது இரண்டு வழிகளில். ஆழத்தில் காற்றுப் படாமல் கிடந்த பாறையை வெளியே கொண்டுவந்து காற்றுக்கும் ஈரத்துக்கும் காட்டுவது ஒன்று. கட்டியாக இருந்ததைப் பொடியாக்குவது மற்றொன்று. ஒரு கன மீட்டர் பாறையின் வெளிப்பரப்பு 6 சதுர மீட்டர்தான். அதையே ஒரு மில்லிமீட்டர் துகள்களாக நொறுக்கினால் பரப்பு 6,000 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர் ஆகிவிடும். அத்தனை பரப்பிலும் நீர் பட்டுக் கரைக்க முடியும். ஆனால் கரைந்தது ஊருக்கு வந்து சேர ஓடும் நீர் வேண்டும். அந்த நீர் எப்போது, எவ்வளவு, எந்த வேகத்தில் வருகிறது என்பதைப் பருவம்தான் முடிவு செய்கிறது. பருவம் தடம் மாறும்போது, சுரங்கத்தில் எதுவும் மாறாவிட்டாலும் அதிலிருந்து வரும் மாசு மாறிவிடுகிறது.

சுரங்க நீரில் கொடியது அமில நீர். நிலக்கரி, செம்பு, துத்தநாகம், ஈயம் கிடைக்கும் பல இடங்களில் பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமமும் சேர்ந்தே இருக்கும். அதன்மேல் காற்றும் நீரும் பட்டால் கந்தக அமிலமும் கரைந்த இரும்பும் உண்டாகின்றன. அமிலத்திலேயே வாழப் பழகிய சில பாக்டீரியாக்கள் இந்த வினையைப் பல மடங்கு விரைவுபடுத்துகின்றன. பிறந்த அமிலம் அக்கம்பக்கத்துப் பாறையிலுள்ள அலுமினியம், செம்பு, துத்தநாகம் எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு கிளம்புகிறது. கலிபோர்னியாவின் அயர்ன் மவுண்டன் சுரங்கத்தில் எடுத்த நீரின் பி.எச். மதிப்பு பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 3.6 என்று பதிவாகியிருக்கிறது. கார் பேட்டரியில் ஊற்றும் அமிலமே அதற்குப் பல படி பின்னால்தான்.

இந்த வினையின் விளைவு சேர்ந்துகொண்டிருப்பது காய்ந்த மாதங்களில். சுரங்கச் சுவரிலும் கழிவுக் குவியலின் அடிவாரத்திலும் கசியும் ஈரம் ஆவியாக, வெளிர்பச்சையும் மஞ்சளுமாக உப்புப் பொருக்கு படிகிறது. விரல் பட்டாலே உதிரும். அமிலமும் உலோகமும் அதில் திட வடிவில் அடைபட்டுக் கிடக்கின்றன. மழை தொடங்கிய சில மணி நேரத்தில் அத்தனையும் கரைந்து ஓடைக்கு வந்துவிடும். அடுத்தடுத்த மழைகளில் வரும் நீர் அவ்வளவு மோசமாக இருக்காது. ஆகவே ஒரு சுரங்கம் ஆண்டுக்கு எத்தனை டன் மாசு தருகிறது என்று கேட்பதைவிட எந்த நாளில் தருகிறது என்று கேட்பதே பயன் தரும். ஆண்டுச் சராசரி பார்த்து மீன் சாவதில்லை.

குளிர் நாடுகளில் இந்தக் கணக்கைப் பனி எழுதுகிறது. நிலம் உறைந்திருக்கும் மாதங்களில் நீரும் காற்றும் பாறைக்குள் இறங்குவதில்லை, வினையும் மந்தமாகிறது. வசந்தத்தில் பனி உருகும்போது வரும் பெருநீர் மாசை நீர்க்கச் செய்துவிடும். குளிர்காலம் மிதமாகும்போது இந்த இரண்டு காப்பும் தளர்கின்றன. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ராக்கி மலைகளில் பிறக்கும் ஸ்னேக் ஆற்றின் மேல்பகுதியில், துத்தநாக அளவு 30 ஆண்டுகளில் ஏறத்தாழ நான்கு மடங்கானதை 2012இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. பாறை அதே பாறைதான், ஏறியது வெப்பநிலை. நிலத்தடி நீர்மட்டம் இறங்கியதும், உறைந்திருந்த நிலம் இளகியதும், அதுவரை காற்றுப் படாதிருந்த பைரைட்டுக்குக் காற்றைக் கொண்டுசேர்த்தன என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். அலாஸ்காவின் புரூக்ஸ் மலைத்தொடரில் 75 ஓடைகள் தெளிந்த நிறம் மாறி ஆரஞ்சாக ஓடுவதாக 2024இல் இன்னோர் ஆய்வு தெரிவித்தது. அது பெரும்பாலும் மனிதர் கை படாத மலைக்காடு. சுரங்கத்தைக் குறை சொல்லவும் வழியில்லை. நிரந்தரமாக உறைந்திருந்த மண் இளகியதே போதுமானதாக இருந்தது.

பனி இல்லாத குளிர்காலம்

தமிழ்நாட்டில் திண்டுக்கல்லை ஒட்டிய வேடசந்தூர் சமவெளியில் குளிர்காலத்தின் வேலையைச் செய்வது உறைபனி அல்ல, மழை. கொடைக்கானல் மலைகளுக்குக் கிழக்கே, மழை மறைவுப் பக்கத்தில் இருப்பதால் தென்மேற்குப் பருவக்காற்று இங்கே பெரும்பாலும் காற்றாகவே வந்து போகிறது. ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி, ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் வடகிழக்குப் பருவமழையாகக் கொட்டித் தீர்ந்துவிடும். கீழ்ப்பழனி மலைப் பக்கமிருந்து இறங்கி, ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கம் வழியாக வடக்கே ஓடிவரும் குடகனாறு, வேடசந்தூரைத் தொட்டுக்கொண்டு கரூர் மாவட்டத்தில் அமராவதியோடு சேர்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலும் சீமைக்கருவேலுமாகக் கிடக்கும் இந்த ஆற்றில் நீரோட்டம் என்று சொல்லத்தக்கது தெரிவது இந்த மூன்று மாதங்களில்தான். குளங்களும் கிணறுகளும் நிரம்புவதும் அப்போதே. தை பிறந்தால் மழை ஓய்ந்து, பனியும் வெயிலுமாக நிலம் காயத் தொடங்கும்.

இந்த மழைதான் இப்போது தாறுமாறாகிவருகிறது. 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவத்தில் தமிழ்நாட்டின் மழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலான பதிவுகளில் மிக மோசமான பருவங்களுள் அது ஒன்று. ஐந்தே ஆண்டு கழித்து 2021இல் இயல்பைவிடப் பாதிக்கும் மேல் கூடுதலாகப் பெய்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டியது; வேடசந்தூர்ப் பக்கம் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையையே அது மிஞ்சும். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் அது தாங்கும் நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுகிறது. ஆகவே பெய்யும்போது கொட்டித் தீர்ப்பது இனியும் கூடும் என்றே இயற்பியல் சொல்கிறது. பருவத்தின் மொத்த மழை கூடுமா குறையுமா என்ற கேள்வியைவிட, நீண்ட வறட்சியும் திடீர் வெள்ளமுமாக அது பிரிந்து நிற்பதே இந்த அத்தியாயத்துக்கு முக்கியம். வறட்சி நீண்டால் பொருக்கு கூடுதலாகச் சேரும். மழை வலுத்தால் அது ஒரே மூச்சில் வெளியேறும்.

ஒரு சிறு கணக்கு இதைத் தெளிவாக்கும். ஒரு ஏக்கரில் 25 மி.மீ. மழை பெய்தால் ஏறத்தாழ 1 லட்சம் லிட்டர் நீர் விழுகிறது. அந்த ஏக்கரின் மேற்பரப்பில் கரையக்கூடிய உப்பு 100 கிலோ இருந்து, அது முழுவதும் அந்த ஒரு மழையில் கரைந்தால், லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் சேரும். குடிநீரில் கரைந்த திடப்பொருள்கள் 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீரே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதே உப்பு 250 மி.மீ. மழையில் பரவிக் கரைந்தால் 100 மில்லிகிராம்தான். யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். உப்பின் எடை மாறவில்லை. மாறியது மழையின் கிரமம் மட்டுமே.

சுண்ணாம்பும் தூசும்

வேடசந்தூர் வட்டாரத்தின் அடியில் இருப்பவை மிகப் பழமையான உருமாறிய பாறைகள். நைசும் சார்னோக்கைட்டும் அகலமாகப் பரந்திருக்க, இடையிடையே படிகச் சுண்ணாம்புக்கல் பட்டைகள் ஓடுகின்றன. கரிக்காலி, குஜிலியம்பாறைப் பக்கம் சிமென்ட்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டப்படுகிறது. மற்ற இடங்களில் ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் கருங்கல் உடைபடுகிறது. பைரைட் மிகுந்த சுரங்கங்கள் இவை அல்ல; இருக்கிற கொஞ்சத்திலிருந்து அமிலம் பிறந்தாலும் சுண்ணாம்பு அதை உடனே முறித்துவிடும். ஆகவே கொலராடோவின் ஆபத்தை அப்படியே எடுத்துவந்து இங்கே ஒட்டக் கூடாது. இங்கே வருவது வேறு மூன்று: கடினத்தன்மை, நைட்ரேட், எல்லாவற்றுக்கும் மேலாகச் சேறு.

கடினத்தன்மை புரிந்துகொள்ள எளிது. மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகி, சுண்ணாம்புப் பொடியில் இறங்கும்போது கால்சியத்தைக் கரைக்கிறது. அதைக் குடிப்பதால் உடனடிக் கேடு இல்லை. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளைப் பொருக்கு பிடிக்கும்.

நைட்ரேட் வருவது வெடிமருந்திலிருந்து. குவாரிகளில் பாறை பிளக்கப் பயன்படும் வெடிகளில் அம்மோனியம் நைட்ரேட் முக்கியப் பொருள். துளையில் சிந்தியதும் வெடிக்காமல் எஞ்சியதும் அடுத்த மழையில் முழுக்கக் கரைந்துவிடும். நீரில் அவ்வளவு எளிதாகக் கரையும் உப்பு அது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. ஆனால் யூரியா போட்ட வயலும் கழிவறைக் குழியும் மாட்டுத் தொழுவமும் அதே நைட்ரேட்டைத்தான் கிணற்றுக்கு அனுப்புகின்றன. ஒரு கிணற்று நீரில் நைட்ரேட் கூடியிருப்பதை மட்டும் வைத்துக் குவாரியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது, சரியல்ல.

சேறு அப்படி அல்ல. அது எங்கிருந்து வந்தது என்பது கண்ணுக்கே தெரியும். பெருமழைக்கு மறுநாள் ஒரு கல்குவாரியின் விளிம்பில் நின்று பார்த்தால், படிப்படியாக வெட்டி இறக்கிய குழியின் அடியில் நீர் சாம்பல் நிறத்தில் கலங்கிக் கிடக்கும். கிரஷர் பக்கம் குவித்த தூசுமலையில் மழை கீறிய வாய்க்கால்கள் விரல் ஆழத்திலிருந்து முழங்கால் ஆழம் வரை இருக்கும். குழியில் நீர் நின்றால் துளை போடவும் முடியாது, வெடி வைக்கவும் முடியாது. ஆகவே டீசல் மோட்டார் வைத்து நீரை இறைத்து வெளியே தள்ளுகிறார்கள். அது பக்கத்து ஓடையில் இறங்கி, ஓடை குளத்தில் இறங்குகிறது.

சேறு நீரிலிருந்து பிரிவது துகளின் அளவைப் பொறுத்தது. 0.1 மி.மீ. மணல்துகள் அசையாத நீரில் ஒரு மீட்டர் கீழிறங்க இரண்டு நிமிடம் போதும். 0.002 மி.மீ. தூசுத்துகளுக்கு அதே ஒரு மீட்டர் இறங்க ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். விட்டம் 50இல் ஒரு பங்கானால், இறங்கும் வேகம் 2,500இல் ஒரு பங்காகிறது. குவாரிகளில் வண்டல் தேக்கத் தொட்டி கட்டச் சொல்வது இதற்காகத்தான்: நீர் சில நாள் அசையாமல் நின்றால் தெளிந்த பிறகு வெளியே விடலாம். மழைக்கும் மழைக்கும் நடுவே மூன்று நாள் கிடைக்கும் பருவத்தில் இந்த ஏற்பாடு பலிக்கும். காற்றழுத்தத் தாழ்வு ஒன்றன்பின் ஒன்றாக வரும் கார்த்திகையில், தொட்டி தெளிவதற்குள் அடுத்த வெள்ளம் வந்து, பழைய சேற்றையும் கிளப்பிக்கொண்டு வழிந்துவிடும். பழைய மழைக்குக் கட்டிய தொட்டி புதிய மழைக்குப் போதாது.

அந்த நுண்தூசு குளத்து அடியில் படிந்தால் இன்னொரு கெடுதல். நீர் கீழே ஊறும் மண்ணின் நுண்துளைகளை அது அடைத்துவிடும். குளம் நிரம்பித் ததும்பினாலும் ஆயக்கட்டுக் கிணறுகளில் நீர் ஏறாது. மழைநீர் கலந்து நீர்த்துப்போக வேண்டிய கிணற்று உப்பு அப்படியே நிற்கும். சேறு ஒரு மாசாக மட்டும் நிற்பதில்லை. மற்ற மாசுகளைக் கழுவும் வழியையும் அடைக்கிறது. குவாரி பற்றிய பேச்சுகளில் வீட்டில் படியும் தூசும் வெடியதிர்ச்சியில் சுவரில் விழும் விரிசலும் அடிபடும் அளவுக்கு இது அடிபடுவதில்லை.

மழையின் வேகம் மாசின் அளவை மட்டுமல்ல, அது போய்ச் சேரும் இடத்தையும் தீர்மானிக்கிறது. நின்று நிதானமாகத் தூறும் மழையில் கரைந்த உப்பு நிலத்துக்குள் இறங்கிக் கிணற்றுக்குப் போகும். அடித்துப் பெய்யும் மழையில் அது மேலோட்டமாக ஓடிக் குளத்துக்கும் ஆற்றுக்கும் போகும். பருவம் மாறும்போது ஒரே குவாரியின் மாசு ஓர் ஆண்டு ஒரு கிராமத்தின் தொல்லையாகவும், மறு ஆண்டு பத்துக் கல் தள்ளியிருக்கும் இன்னொரு கிராமத்தின் தொல்லையாகவும் ஆவது இதனால்தான்.

குடகனாறு கற்றுத்தந்தது

குளிர்கால மழை ஒரு மாசுபட்ட ஆற்றுப்படுகையை எவ்வளவு கழுவும், எவ்வளவு கழுவாது என்பதற்கு நன்கு அளக்கப்பட்ட சான்று இதே குடகனாற்றில் உண்டு. ஆனால் அது சுரங்கத்தால் வந்ததல்ல, தோல் தொழிற்சாலைகளால் வந்தது. பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்புப் போடுவார்கள். பதனிடும் முன் அதைக் கழுவி எடுக்கும்போது அத்தனை உப்பும் கழிவுநீரில் சேரும். திண்டுக்கல் நகரைச் சுற்றி 80 அளவில் இயங்கிய தோல் தொழிற்சாலைகளின் கழிவு, வேடசந்தூருக்கு மேலே இருக்கும் குடகனாற்று மேல்படுகையில் பல பத்தாண்டுகளாக இறங்கியது. தோல் தொழிற்சாலை மாசு குறித்து உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்குத் தீர்ப்பு, திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் பார்த்த 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன என்ற கணக்கெடுப்பை எடுத்துச் சொல்கிறது.

பிறகு ஐதராபாத் தேசியப் புவியியற்பியல் ஆய்வு நிறுவனத்தார் இந்தப் படுகையின் நிலத்தடி நீரோட்டத்தைக் கணினியில் மாதிரியாக்கிப் பார்த்தார்கள். கொட்டும் மாசைப் பாதியாகக் குறைத்தாலும், 20 ஆண்டு கழித்தும் கிணற்று உப்பு பாதியாகக் குறையாது என்பது அவர்கள் கண்ட முடிவு. இருபது ஐப்பசிகள் பெய்தும் போதாது. கடினப்பாறைப் பகுதியில் நீர் தங்குவது மேலே சிதைந்த மண்ணிலும் அடியில் உள்ள விரிசல்களிலும்தான். விரிசலுக்குள் போன உப்பு மெதுவாகவே வெளியே வரும். கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது எஞ்சிய நீரில் மீண்டும் செறிந்துவிடும். குவாரி நைட்ரேட்டுக்கும் விரிசல்கள் காட்டும் பாதை இதுவேதான்.

வலுத்த மழை என்ன செய்யும் என்பதையும் இந்த ஆறு காட்டியிருக்கிறது. வேடசந்தூர் அருகே அழகாபுரியில் குடகனாற்றின் குறுக்கே கட்டிய மண் அணை 1977 வெள்ளத்தில் கரைக்கு மேல் நீர் வழிந்து உடைந்தது. ஷட்டர்களைத் தேவையான நேரத்தில் திறக்க முடியாமல் போனதும் அதற்கு ஒரு காரணம். ஓர் அணைக்கே இந்தக் கதி என்றால், குவாரி ஓரத்தில் மண்ணைக் குவித்துப் போட்ட வரப்புகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அமில நீரையும் குளிர்காலத்தையும் சேர்த்துப் பார்க்க இந்தியாவிலேயே ஓரிடம் உண்டு. மேகாலயாவின் கிழக்கு ஜெயந்தியா மலை மாவட்டத்தில் ஓடும் லூக்கா ஆறு, சுமார் 2007 முதல் குளிர்காலந்தோறும் பளீரென்ற நீல நிறமாகிறது. பார்க்க அழகு, மீன்கள் செத்து மிதந்த ஆறு. எலிப்பொந்துச் சுரங்கங்களில் நிலக்கரி தோண்டியதால் வந்த அமில நீரும் சல்பேட்டும் மேல்பகுதி ஓடைகளில் ஏறிக்கிடக்கின்றன. மழை மிகுந்த மாதங்களில் வெள்ளம் அதை நீர்க்கச் செய்து மறைத்துவிடும். குளிரில் நீர் வற்றும்போது மறைந்தது வெளிப்படும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014 ஏப்ரலில் எலிப்பொந்துச் சுரங்கங்களுக்குத் தடை விதித்த பிறகும் கைவிடப்பட்ட பொந்துகளிலிருந்து நீர் கசிந்துகொண்டுதான் இருந்தது. மேகாலயாவில் குளிர்காலம் வறண்ட காலம், வேடசந்தூரில் அது மழைக்காலம். ஆகவே அங்கே தையில் தெரிவது இங்கே வைகாசியில்தான் தெரியும்.

சமவெளிக் குவாரிகளில் செய்யக்கூடியவை அரிதானவை அல்ல. மேட்டிலிருந்து வரும் மழைநீர் குழிக்குள் விழாமல் சுற்றிலும் வாய்க்கால் வெட்டித் திருப்பிவிடலாம். தூசுக்குவியலை ஆவணி முடிவதற்குள் அப்புறப்படுத்தலாம் அல்லது மூடலாம். தேக்கத் தொட்டியின் கொள்ளளவைச் சராசரி மழைக்கல்லாமல் அந்த வட்டாரத்தில் ஒரே நாளில் பெய்த பெருமழைக்கு அமைக்கலாம். இறைக்கும் நீரைத் தெளியவிட்ட பிறகே ஓடையில் விடலாம்.

அளவிடுவதில்தான் பெரிய ஓட்டை இருக்கிறது. மத்திய நிலத்தடி நீர் வாரியம் கிணறுகளின் நீர்மட்டத்தை ஆண்டுக்கு நான்கு முறை பார்த்தாலும், நீரின் தரத்தை நீண்ட காலமாக ஆண்டுக்கு ஒருமுறை, கோடையிலேயே சோதித்துவந்தது. அது உப்பின் உச்சத்தைப் பிடிக்கும். முதல் மழையில் ஓடைக்கு வருவதைப் பிடிக்காது. சுரங்கத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கேட்போர் 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்கீழ் அடிப்படைத் தரவு சேகரிக்க வேண்டும். அதற்கான பொது வரையறை, மழைக்காலம் அல்லாத ஒரு பருவத்தின் தரவு போதும் என்கிறது. எடுத்துக்கொள்ளக்கூடிய பருவங்கள் மூன்று: மார்ச் முதல் மே வரை கோடை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்குப் பிந்தைய காலம், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை குளிர்காலம். தென்மேற்குப் பருவத்தை மட்டும் மழைக்காலமாகக் கொண்டு வடக்கே எழுதிய அட்டவணை இது. தமிழ்நாட்டின் பெருமழை மாதங்கள் அதில் மழை ஓய்ந்த மாதங்களாக நிற்கின்றன. கோடையைத் தேர்ந்தெடுத்தவர் ஓடையில் நீரையே பார்த்திருக்க மாட்டார். ஓடாத ஓடையில் மாசு இல்லை என்றே அறிக்கை வரும். வேடசந்தூர் போன்ற வட்டாரங்களுக்கு, புரட்டாசி கடைசியில் விழும் முதல் மழையிலிருந்து தை வரை தொடர்ந்து மாதிரி எடுப்பதைக் கட்டாயமாக்காமல் குவாரி நீரைப் பற்றிய எந்த அறிக்கையும் முழுமையாகாது.